கண்மாய்க் கரையில் மூன்று துண்டுகள்

அன்று காலை பெரியகண்மாய்க் கரையில், மடைக் கருப்பர் கோயிலுக்கு முன்னால் நின்றவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சேவுகப்பெருமாள் அம்பலம் ஆகிய நான். காலஞ்சென்ற என் தம்பி முத்துராமலிங்கத்தின் மகன் முத்தரசு. கடைமடையில் நிலம் வைத்திருக்கும் நாகூர் கனி. அவருக்கு அடுத்த வயலை உழும் காளியாயி. ஓய்வு பெற்ற ஆசிரியரும் செங்கொடிக் கட்சிக்காரருமான முத்துக்கண்ணன். காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, இந்துக்களை எழுப்புவதற்கென்று ஓர் அமைப்பும் நடத்தும் ஞானசம்பந்தம். இவர்களைத் தவிர, ஊத்தாக் கூடையும் வலையுமாக மீன் பிடிக்க வந்த உள்ளூர்ச் சனமும் வெளியூர்ச் சனமும். என் மனைவி ஈஸ்வரி வரவில்லை. டிவிக்காரர்கள் வரவில்லை. போலீசும் அப்போது வரவில்லை.

பெயர்களைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு மாதத்தில் எங்கள் ஊரில் மனிதர்களுக்குப் பெயர் இல்லாமல் போய்விட்டது. இடதுசாரி, வலதுசாரி, நடுநிலை என்று மூன்றே பேர்தான் ஊரில் இருந்தார்கள். அந்த மூன்று பேராகவும் நான் ஒருவனே இருந்தேன்.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஆறு கிடையாது. மேற்கே பொட்டல் காட்டில் விழும் மழை, வரத்துக்கால்வாய் வழியாகப் பெரியகண்மாய்க்கு வந்து சேரும். கண்மாய் நிறைந்தால் கடைமடைவரை நெல். அரைக் கண்மாய் என்றால் மேல்மடைக்கு மட்டும் நெல், கடைமடைக்குப் புழுதி. இதைப் புரிந்துகொள்ள எந்தக் கொள்கையும் படிக்க வேண்டியதில்லை.

மழைக்கு முன்னால் ஊர் கூடி அந்தக் கால்வாயைத் தூர்வாருவோம். முதல் மம்பட்டி போடுவது எங்கள் வீடு. அதேபோல் வைகாசியில் கண்மாய் வற்றி மீன் பிடிக்கும் நாளில், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசிக் காட்டுவதும் எங்கள் வீடு. துண்டு வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள். எந்த ஊர்க்காரர், எந்தச் சாதிக்காரர், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பார்ப்பதில்லை. துண்டு விழுந்ததும் எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள். பிடித்தது பிடித்தவருக்கு.

போன ஆண்டு மழை குறையவில்லை. ஆனாலும் கண்மாய் பாதிதான் பெருகியது. நாகூர் கனியின் வயலும் காளியாயியின் வயலும் கதிர் பிடிக்கும் நேரத்தில் காய்ந்தன. காரணம் தேடி நான் கால்வாய் வழியே மேற்கே நடந்து போனேன். ஓரிடத்தில் கால்வாய் இல்லை. அதன் மேல் கிராவல் கொட்டி, ரோலர் விட்டு அமுக்கி, அகலமான சாலை போட்டிருந்தது. தண்ணீர் போக ஒரு குழாய்கூட வைக்கவில்லை. சாலையின் முகப்பில் ஒரு வளைவு. அதில் ‘பசுமை நகர்’ என்று எழுதி, கீழே உரிமையாளர் பெயர் போட்டிருந்தது. முத்தரசு.

முதல் மம்பட்டி போடுகிற வீட்டுப் பிள்ளை கால்வாயை மூடியிருக்கிறான். எனக்கு அதற்குப் பிறகு ஒரே வேலைதான். அடுத்த மழைக்குள் அதைத் திறக்க வேண்டும். எங்கள் வீடு மூடியதை எங்கள் வீடே திறக்க வேண்டும்.

வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். பார்க்கலாம் என்றான். மறுபடி சொன்னேன். அது செத்த கால்வாய் என்றான். சித்திரையும் பாதி போய்விட்டது. ஆகவே மே மாதம் முதல் தேதி நடந்த கிராம சபையில் எழுந்தேன்.

“வரத்துக்கால்வாய் மேல ரோடு போட்டது யாருன்னு சபையில சொல்லணும். எப்ப எடுப்பாகன்னும் சொல்லணும்.”

முத்தரசு பின் வரிசையில் இருந்தான். “பெரியப்பா, இத வீட்டுல பேசிக்கிருவோம்” என்றான்.

“வீட்டுல பேசியாச்சு. வீட்டுல பேசுனா வீட்டோட நிக்கிது. கடைமடைக்கு வரமாட்டேங்குது.”

சனம் சிரித்தது. அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பேச்சில் தோற்கிற ஆள் அல்ல அவன். “இன்னைக்கு மே தினம்ல, அதான் பெரியப்பா செவப்பாப் பேசுறாக” என்றான். அதற்கும் சனம் சிரித்தது. முதல் சிரிப்பைவிட இரண்டாவது சிரிப்பு பெரிதாக இருந்தது. கால்வாயைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமலே சபை கலைந்தது.

சாயங்காலம் ஈஸ்வரி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஊர் வாட்ஸப் குழுவை அவள்தான் பார்ப்பாள். நான் அந்தக் கருமத்தைத் தொடுவதில்லை.

“இங்க பாருங்க, ஒங்களைத் தோழர்னு போட்டிருக்காக.”

“யாரு போட்டது?”

“ஒங்க தம்பி மகன்தான். வளர்ச்சிக்கு எதிரியாம் நீங்க. இடதுசாரித் தீவிரவாதியாம். கையில அருவாளும் சுத்தியலும் வரஞ்சு விட்டுருக்கான்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தாள். “அருவா ஒங்க கைக்குச் சிறுசா இருக்கு.”

“சிரிக்கிறியா நீ?”

“பின்ன அழுகவா? கெணத்துல தண்ணி எறைக்கிற மோட்டாரை நிறுத்தாம வந்துட்டேன், போறேன்.”

இடதுசாரி என்றால் எனக்குத் தெரியாமல் இல்லை. என் அப்பா காலத்தில் அவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று குத்தகைப் பங்கைக் கேட்டார்கள். உழுகிறவனுக்கு இத்தனை பங்கு, இல்லாவிட்டால் அறுப்புக்கு ஆள் வராது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்பாவுக்கு அவர்களைப் பிடிக்காது. ஆனால் அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். எதற்குக் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். சண்டை போட்டார், கடைசியில் கொடுத்தார். இன்றைக்கு முத்தரசுவிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், இடதுசாரி ஆகிவிடலாம்.

மறுநாள் காலை முத்துக்கண்ணன் வந்தார். நல்ல மனிதர். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர். வந்தவர் வாசலிலேயே கையை உயர்த்தி, “தோழரே!” என்றார்.

“எனக்குப் பேரு இருக்கு வாத்தியாரே.”

“இருக்கட்டும் அம்பலம். நில மாபியாவை எதுத்து ஒங்களை மாதிரி ஒரு பெரிய வீட்டுல இருந்து குரல் வந்திருக்கு. இது லேசுப்பட்ட விசயமில்ல. காரைக்குடியில ஒரு ஆர்ப்பாட்டம் வைக்கிறோம். நீங்க தலைமை.” சொல்லிக்கொண்டே பையிலிருந்து சிவப்புத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார்.

“கால்வாய எப்பத் தோண்டுறது?”

“மொதல்ல ஆர்ப்பாட்டம். அப்பறம் மாவட்டக் குழுவுல வச்சுப் பேசுவாக. அப்பறம் ஒரு மாநாடு…”

“மழை அதுவரைக்கும் காத்திருக்குமா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துண்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். மோர் கொடுத்து அனுப்பினேன். நேரே மம்பட்டியோடு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் அந்தத் துண்டோடே போயிருப்பேன்.

வைகாசி முதல் வெள்ளியன்று மடைக் கருப்பருக்குப் பொங்கல். மீன்பிடிக்கு முன்னால் வைக்கிற வழக்கமான பொங்கல்தான். முத்தரசுவும் வந்திருந்தான். பூசை முடிந்ததும் தட்டில் சூடத்தைக் கொளுத்தி அவன் முன்னால் வைத்தேன்.

“அது செத்த கால்வாய்னு சொன்னேல்ல. கருப்பர் முன்னால இந்தச் சூடத்தக் கையால அணைச்சு அதையே சொல்லு. நான் இனிமே வாயத் தொறக்கல.”

அவன் சூடத்தைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். “என்ன பெரியப்பா, இந்தக் காலத்துல போயி சூடம் அணைக்கச் சொல்றீக? நான் முற்போக்கு பேசுறவன். இதுல எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல” என்றான்.

“பசுமை நகருக்கு அய்யரக் கூட்டியாந்து பூமி பூசை போட்டியே, அன்னைக்கு முற்போக்கு ஊருக்குப் போயிருந்துச்சா?” என்று காளியாயி பின்னாலிருந்து கேட்டாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சூடம் தானாக எரிந்து அணைந்தது.

அன்றே யாரோ எடுத்த வீடியோ குழுவில் ஏறியது. முத்தரசு அதன் கீழே எழுதியிருந்தான்: பெரியப்பாவின் சாயம் வெளுத்துவிட்டது, அவர் அப்பட்டமான வலதுசாரி, மூடநம்பிக்கையை வைத்து இளைஞர்களை மிரட்டுகிறார், சங்கி. இரண்டு வாரத்துக்கு முன்னால் என் கையில் அரிவாள் வரைந்தவனும் இவன்தான். அவனுக்கு அது உறுத்தவில்லை. படித்தவர்களுக்கும் உறுத்தவில்லை. முத்துக்கண்ணன்கூட அதைத் தன் ஆட்களுக்கு அனுப்பி, ஏமாந்துவிட்டோம் தோழர்களே என்று வருத்தப்பட்டிருந்தார்.

“இந்த வாட்டி காவி வேட்டி கட்டி விட்டுருக்கான்” என்றாள் ஈஸ்வரி. “வேட்டி என்னமோ பொருத்தமாத்தான் இருக்கு.”

“மூடி வையி அத.”

“நான் மூடி வச்சா ஊரு மூடி வைக்குமா? எங்க அண்ணன் மதுரையில இருந்து கேக்குறாக, மாப்ள எப்பக் கட்சியில சேந்தாகன்னு. மானமாப் பொழச்ச குடும்பத்த இப்பிடி ஆளாளுக்குச் சாயம் பூசுறாக. நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கீக.”

அவள் சொன்னது சரிதான். ஆனால் சாயத்தைத் துடைக்கப் போனால் அதுவே வேலையாகப் போகும். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

அப்பா வலதுசாரிகளுக்குத்தான் ஓட்டுப் போட்டார். அவர் காலத்தில் அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள், நிலமும் தொழிலும் முழுக்க அரசாங்கத்தின் கைக்குப் போய்விடக் கூடாது என்று பேசினார்கள். அதற்கு அவர்களிடம் கணக்கு இருந்தது, காரணம் இருந்தது. இன்றைக்குப் பொங்கல் பானை வைத்தால் வலதுசாரி.

அடுத்து வந்தவர் ஞானசம்பந்தம். காரில் வந்தார். காவிச் சால்வையைப் பிரித்துக்கொண்டே இறங்கினார்.

“அண்ணே, நீங்க நம்ம ஆளுன்னு எனக்கு எப்பவோ தெரியும். கருப்பர் கோயில் கால்வாயை மூடிட்டாங்க, இந்துக்களே விழித்தெழுங்கள்னு ஒரு நோட்டீஸ் போடுறோம். ஜில்லா பூராம் ஒட்டுறோம்.”

“மூடுனவனும் இந்துதானப்பா. என் தம்பி மகன்.”

“அது உள்விவகாரம். பாத்துக்கிரலாம். ஒண்ணு மட்டும். கடைமடை, கடைமடைன்னு பேசுறப்ப நாகூர் கனி பேர மட்டும் எடுக்காதீக.”

“ஏன், அவரு வயலுக்குப் பங்குத் தண்ணி இல்லையா?”

“இருக்கு, யாரு இல்லேன்னா? ஆனா நம்ம சனத்துக்கு ஒரு ரோசம் வரணும்ல. அவுக பேரு இருந்தா அது வராது.”

“எனக்கு ரோசம் வேணாம். தண்ணி வேணும்” என்றேன். “ஒங்க சால்வைய மடிச்சு எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.”

அவருக்கு மோர் கொடுக்கவில்லை.

அன்று மாலை கனியே வந்துவிட்டார். முன்பெல்லாம் வந்தால் நேரே உள்ளே வந்து உட்காருகிறவர், அன்றைக்கு வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு முத்தரசு மேலிருந்த கோபம் இரட்டிப்பாயிற்று.

“அண்ணே, தொழுகை முடிஞ்சு வாரப்ப ரெண்டு பேரு கேட்டாக. அம்பலம் அங்குட்டுப் போயிட்டாகளாமே, இனிமே ஒங்க வயலுக்கு என்ன ஆகும்னு.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? அவுக கால்வாயப் பாக்க மேக்கதான் போனாக, வேற எங்குட்டும் போகலன்னு சொன்னேன்.”

“செருப்பக் கழத்திட்டு உள்ள வா.”

“வாரேன்ணே. நம்புனதுனாலதான வந்தேன். நம்பலன்னா போன்ல கேட்டிருப்பேன்.”

அவரை வைத்துக்கொண்டே ஈஸ்வரியிடம் போனை எடுக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள்: நான் எந்தக் கட்சியிலும் இல்லை. வரத்துக்கால்வாயைத் திறக்கவும். இப்படிக்கு, சேவுகப்பெருமாள் அம்பலம். இவ்வளவுதான்.

விளக்கு வைப்பதற்குள் பதில் வந்துவிட்டது. செங்கொடிக்காரர்களும் எழுதினார்கள், காவிக்காரர்களும் எழுதினார்கள். முதன்முறையாக இரண்டு பேரும் ஒரே சொல்லை எழுதினார்கள். நடுநிலை. அதன் பின்னால் இன்னொரு சொல்லும் சேர்த்திருந்தார்கள். அதை நான் எழுத மாட்டேன். ஈஸ்வரியும் வாசிக்க மாட்டேன் என்றாள். முத்தரசு மட்டும் நாகரிகமாக எழுதியிருந்தான்: பெரியப்பா தாம் எந்தப் பக்கம் என்று ஊருக்குத் தெளிவுபடுத்தும்வரை கால்வாய் பற்றிய பேச்சுக்கு அவசியம் இல்லை.

எவ்வளவு வசதி! முதலில் நான் இடது என்பதால் பதில் சொல்லவில்லை. பிறகு வலது என்பதால் பதில் சொல்லவில்லை. இப்போது இரண்டும் இல்லை என்பதால் பதில் சொல்லத் தேவையில்லை. எங்கள் வட்டாரத்தில் இரு தரப்புக்கும் நடுவே நிற்பவர் என்றால், அடித்துக்கொண்டவர்கள் இரண்டு பேருமே தேடி வந்து எங்களுக்குத் தீர்த்து வையுங்கள் என்று அழைக்கிற ஆள் என்று அர்த்தம். என் தாத்தா அப்படி இருந்தார். அதற்குக் கிடைத்த பெயர்தான் அம்பலம். அந்த இடத்துக்கு இப்போது கெட்ட வார்த்தை கட்டியிருக்கிறார்கள்.

மீன்பிடி நாள் வந்தது. விடிவதற்குள் கரை நிறைந்துவிட்டது. அரியக்குடியிலிருந்தெல்லாம் வண்டி கட்டி, ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். ஆண்கள் ஊத்தாவும் வலையும், பெண்கள் சேலைத்துணியும் கூடையும். கண்மாயில் இடுப்பளவு தண்ணீர், அதில் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. நான் குளித்து, கருப்பரைக் கும்பிட்டு, தோளில் வெள்ளைத் துண்டோடு மடைமேல் ஏறி நின்றேன். சனம் அமைதியானது.

“இந்த வருசம் மொதல்ல கால்வாய். அப்பறந்தான் துண்டு” என்றேன்.

“என்ன அம்பலம், மீனுக்கும் கால்வாய்க்கும் என்ன இருக்கு?” என்று ஒரு குரல்.

“தண்ணி எங்குட்டு இருந்து வருதுன்னு மீனக் கேளு.”

“அய்யா, நாங்க அரியக்குடியில இருந்து வெள்ளன கெளம்பி வந்திருக்கோம்” என்றார் வலை வைத்திருந்த ஒருவர்.

“வந்ததுக்குச் சந்தோசம். மம்பட்டி இருக்கு. இம்புட்டுப் பேரு கை வச்சா மதியத்துக்குள்ள தொறந்துரும். வந்து நானே துண்டு வீசுறேன். சாயங்காலம் வரைக்கும் பிடிங்க. மீனு எங்கயும் போகாது.”

காளியாயி கூடையைக் கீழே வைத்துவிட்டு, அதற்குள்ளிருந்து மம்பட்டியை எடுத்தாள். அரியக்குடிக்காரர் வலையை மடித்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் ஊத்தாவைக் கீழே வைத்தார்கள். சனம் அசைந்தது. கால்வாய் அன்று காலையிலேயே திறந்திருக்கும். சண்டை இல்லாமல், போலீஸ் இல்லாமல், ஊரே சேர்ந்து திறந்திருக்கும். அவ்வளவு நெருங்கி வந்தது.

முத்தரசுவும் அதைப் பார்த்துவிட்டான். முன்னால் ஓடிவந்தான்.

“பாத்தீகளா, இது ஸ்ட்ரைக்கு! தோழர் வேலையக் காட்டுறாரு. மரபு, கருப்பர்னு சொல்லி மெரட்டுறாரு, இது மதவாதம்!”

“டேய், ஒரே மூச்சுல ரெண்டும் சொல்றியே, ஏதாச்சும் ஒண்ணுல நில்லுடா” என்றேன்.

கரை முழுவதும் சிரித்தது. அவனுடைய ஆட்களே சிரித்தார்கள். சிரிப்பை அவன் தாங்கமாட்டான், சின்ன வயதிலிருந்தே அப்படி. தோளில் கிடந்த கட்சிக் கரை போட்ட துண்டை உருவினான். கடந்த சில ஆண்டுகளில் அந்தத் துண்டின் கரை எத்தனை தடவை மாறியிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தலைக்குமேல் சுழற்றி வீசினான்.

“எறங்குங்கப்பா! நான் சொல்றேன், எறங்குங்க!”

ஒரு கணம் யாரும் அசையவில்லை. எங்கள் கண்மாயில் வேறொருவர் துண்டு வீசி யாரும் பார்த்ததில்லை. பிறகு அவன் கட்சி இளைஞர்கள் தொபுக்கென்று குதித்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. ஞானசம்பந்தத்தின் ஆட்கள் கரை விளிம்பில் தவித்தார்கள். “அவன் துண்டுக்கு எறங்குனா நாமளும் அவன் கட்சின்னு ஆயிருமே” என்றான் ஒருவன். “அப்ப நீங்க ஒண்ண வீசுங்கண்ணே” என்றான் இன்னொருவன். ஞானசம்பந்தம் காவிச் சால்வையை உருவி வீசினார். அவர்கள் இறங்கினார்கள். முத்துக்கண்ணன் என்னைப் பார்த்தார். “வாத்தியாரே, நம்ம துண்ட எடுங்க, இருக்கிற விரால் பூராம் போகப்போகுது” என்று அவருடைய ஆட்கள் அவரைப் பின்னாலிருந்து நெருக்கினார்கள். எனக்குப் போட்டு நான் திருப்பிக் கொடுத்த அதே சிவப்புத் துண்டாகத்தான் இருக்க வேண்டும். அதை வீசும்போது அவர் என் பக்கம் திரும்பவில்லை.

தண்ணீருக்குள் மூன்று மூலை ஆயிற்று. அரியக்குடிக்காரர்கள் எந்த மூலையில் இறங்குவது என்று தெரியாமல் விழித்தார்கள். காவிக்காரர் ஒருவரின் ஊத்தாவிலிருந்து நழுவிய விரால், செங்கொடிக்காரர் வலைக்குள் போனது. அதற்கு அடிதடி. என் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கண்மாயில் மீனுக்காக ஒருவர் மேல் ஒருவர் கை வைத்ததில்லை.

என் துண்டை நான் வீசவில்லை.

இறங்காமல் கரையில் நின்றவர்கள் கடைமடைக்காரர்களும், அவர்களோடு அந்த அரியக்குடிக்காரரும் இன்னும் சிலரும். தண்ணீருக்குள்ளிருந்து ஒருவன் கத்தினான்: “அங்க பாருங்கடா, நடுநிலை நிக்கிது!”

காளியாயி மடைமேல் ஏறினாள். “ஏன்டா, என் வயக்காட்டுல வந்து பாருடா! இடதும் காஞ்சு கெடக்கு, வலதும் காஞ்சு கெடக்கு, நடுவும் காஞ்சு கெடக்கு! பேச வந்துட்டான் முட்டாப்பய!”

நான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். “கனி, மம்பட்டி எடு” என்றேன்.

பசுமை நகர்ச் சாலையில் முதல் வெட்டை நான்தான் வெட்டினேன். கிராவல் இறுகிப் பாறையாகக் கிடந்தது. மம்பட்டி தெறித்தது. கனி கடப்பாரையால் நெம்பிக் கொடுக்க, நான் வெட்ட, காளியாயியும் மற்றப் பெண்களும் சட்டியில் அள்ளிக் கொட்டினார்கள். “அண்ணே, நீங்க உக்காருங்க, மூச்சு வாங்குது” என்றார் கனி. “ஒனக்கும்தான் வாங்குது, வெட்டு” என்றேன். கண்மாயிலிருந்து கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. வெயில் உச்சிக்கு வரும்போது, கிராவலுக்கு அடியில் பழைய கால்வாயின் கரிய வண்டல் தெரிந்தது. அரியக்குடிக்காரர் அதை ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, “செத்த கால்வாய்னாக? நல்ல மண்ணால்ல இருக்கு” என்றார்.

இன்னும் ஓர் ஆள் அகலம் வெட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்துவிடும். அப்போது முத்தரசு வந்தான். இடுப்புவரை சேறு. கையில் போன்.

“பெரியப்பா, வெட்டுறதுக்கு முன்னால நீங்க எந்தப் பக்கம்னு இந்த வீடியோவுல சொல்லிட்டு வெட்டுங்க. சனம் தெரிஞ்சுக்கிறட்டும்.”

நான் வெட்டினேன். அவன் போனைக் கனியின் முகத்துக்கு நேரே நீட்டினான். “பாய், நீங்க சொல்லுங்க. ஒங்களுக்கு இங்குட்டு என்ன வேலை? எந்த அமைப்பு ஒங்கள அனுப்புச்சு?”

கனி கடப்பாரையை ஊன்றி நின்றார். “தம்பி, நீ அஞ்சாப்பு படிக்கயில காய்ச்சல்னு ஒன்ன சைக்கிள்ல வச்சுக் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மிதிச்சேனே, அன்னைக்கு எந்த அமைப்பு அனுப்புச்சோ அதே அமைப்புதான்” என்றார்.

முத்தரசு வெட்டுக்குள் இறங்கி, மிச்சமிருந்த கிராவல்மேல் காலை அகட்டி நின்றுகொண்டான்.

“இதுக்குமேல ஒரு வெட்டு விழுந்தா கேசு போடுவேன்.”

“போடு. இப்பத் தள்ளு.”

“தள்ள மாட்டேன். இடதா வலதா, சொல்லுங்க. சொன்னாத்தான் தள்ளுவேன்.”

“ஒங்கப்பன் உசுரோட இருந்தவரைக்கும் வருசா வருசம் இந்தக் கால்வாயில மண்ணு வெட்டுனான். நீ அதுமேல ரோடு போட்டுட்டு என்னையப் பக்கம் கேக்குறியா? தள்ளுடா.”

“நீங்க மொதல்ல சொல்லுங்க.”

மம்பட்டியைக் கீழே வைத்தேன். அடித்தேன். அவன் தள்ளி நின்றான். கனியும் நானும் மிச்சத்தை வெட்டினோம்.

சொன்னபடி கேஸ் கொடுத்தான். ஸ்டேஷனில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள். “எந்த அமைப்புங்கய்யா நீங்க?” என்று ஆய்வாளர் கேட்டார். அமைப்பு எதுவும் இல்லை என்றேன். “பின்ன யாரு தூண்டுனது?” என்றார். போன வருசம் காய்ந்த நெல் என்றேன். பிறகு வருவாய்த்துறைக்காரர்கள் வந்து அளந்து, அது கால்வாய்ப் புறம்போக்குத்தான் என்று சொன்னார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சாலை வேண்டுமானால் பாலம் கட்டிக்கொள் என்று முத்தரசுவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். இதுவரை கட்டவில்லை. மூடவும் இல்லை.

ஆடியில் ஒரு நல்ல மழை பெய்தது. கால்வாயில் முழங்காலளவு தண்ணீர் ஓடிக் கண்மாய்க்குப் போயிற்று. குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கனியும் காளியாயியும் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள்.

அடுத்த வைகாசியில் யார் துண்டு வீசுவது என்று ஊர் கூடிப் பேச வேண்டும். முத்துக்கண்ணன் இரண்டு முறை வந்து, “தப்பு நடந்துபோச்சு அம்பலம்” என்றார். தப்பு அவர் மேல் மட்டுமில்லை, மோர் குடியுங்கள் என்றேன். ஞானசம்பந்தம் வரவில்லை. முத்தரசு என்னோடு பேசுவதில்லை. பேசாததில் எனக்கு ஒன்றும் குறைவில்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. அரசியல் கருத்து வேறுபாட்டால் பெரியப்பா தம்பி மகனை மம்பட்டிக் காம்பால் அடித்துவிட்டார் என்று நாட்டரசன்கோட்டை வரைக்கும் பேச்சு ஓடுகிறது. மம்பட்டிக் காம்பால் அடிக்கவில்லை. கையால்தான் அடித்தேன். கருத்து வேறுபாடும் கிடையாது. கால்வாயை மூடினான், அடித்தேன்.